மல்லிக்கு வாங்கிய மருந்து

சிஸ்டர்களுக்கும் தலைமுடி உண்டு என்பது ஒன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அந்த வெள்ளை முக்காட்டுக்குள் இன்னொரு வெள்ளை முக்காடு இருக்கும், அதற்குள்ளும் ஒன்று இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவின் ஒரே தங்கை கன்னியர் மடத்துக்குப் போனது நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. வருடத்துக்கு ஒரு முறை, ஊர்க்கோயில் திருவிழாவை ஒட்டி, இன்னொரு சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அன்று வாசலில் நாற்காலிகள் போடுவார்கள். பூப்போட்ட கண்ணாடித் தம்ளர்கள் பீரோவிலிருந்து இறங்கும். தெருப்பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி வந்து அவரிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு முன்னால் போய் நின்று, "தோத்திரம் சிஸ்டர்" என்று சொல்லி நெற்றியைக் காட்டுவேன். சொந்த அத்தையைப் போய் சிஸ்டர் என்கிறோமே என்று எனக்குத் தோன்றியதில்லை. அப்பாவே அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த முறை அவர் தனியாக வந்தார். திருவிழாவும் இல்லை. நல்ல வெயிலில் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்குவதைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்துருக்காக" என்று உள்ளே ஓடியவள் நான்தான். சாதாரண நூல்சேலை. காதுவரை கத்தரித்த முடி, அதில் அங்கங்கே நரை. கையில் ஒரு துணிப்பை. காலடியில், ஈரம் சொட்டும் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். நாற்காலி போடவில்லை. தம்ளரும் இறங்கவில்லை. எனக்குத்தான் முகம் அடையாளம் தெரிந்துவிட்டதே, பழக்கதோஷத்தில் முன்னால் போய், "தோத்திரம் சிஸ்டர்" என்றேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அத்தை சிலுவை போடக் கையைத் தூக்கினார்; பாதியில் நிறுத்தி, கன்னத்தைத் தட்டினார்.

"இனிமே அத்தைன்னே கூப்பிடுத்தா."

அன்று பகல் முழுவதும் எங்கள் வீட்டு வாசற்கதவு சாத்தியே இருந்தது. பகலில் சாத்திய எங்கள் கதவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுப்படிக்குப் போய், "அத்தை எதுக்கும்மா வந்துருக்காக?" என்று கேட்டேன். "லீவுல வந்துருக்காக" என்றாள். "எப்பப் போவாக?" என்று கேட்டேன். "போய் வெளையாடு" என்றாள். வாசலைத்தான் சாத்தியாயிற்றே, எங்கே போய் விளையாடுவது?

அப்பா காமயகவுண்டன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பேப்பர் திருத்தும் வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் மாலை வந்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆச்சரியப்படவில்லை. கால் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தவரைப் பார்த்து அத்தை எழுந்து நின்று, "அண்ணே" என்றார். அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "ம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியதைக் கேட்க, நான் மூன்றாம் வகுப்பு முடியும் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அத்தை ஏன் மடத்தைவிட்டு வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற வயது வந்தபோது கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அந்த வயதில் என்னைக் குழப்பியது அதுவல்ல, பேச்சுதான். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரியவர்களை "வந்தாக, போனாக" என்போம். வீட்டுக்கு இளையவர்களை "வந்தா, போனா" என்போம். சிஸ்டராக இருந்தவரை அத்தை எல்லாருக்கும் "வந்தாக". இப்போது என்ன? அம்மா காலையில் "சாப்பிட்டாகளான்னு கேளு" என்பாள். அன்று மாலையே "சாப்பிட்டாளான்னு பாரு" என்பாள். இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். அப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, சிக்கல் இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார். "சாப்பிட்டாச்சா?", "கோயிலுக்குப் போயாச்சா?", "படுத்தாச்சா?" என்பார். யார் என்று சொல்லாமலே ஒருவரைப் பற்றிக் கேட்கத் தமிழில் இவ்வளவு வசதி இருப்பது வேறு யாருக்கும் இவ்வளவு பயன்பட்டிருக்காது. அந்தக் கேள்விகளையும் அத்தையிடம் கேட்கமாட்டார். என்னிடம்தான்.

இப்படியாக, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் பேச்சைச் சுமக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

சாக்குக் கட்டில் இருந்தவை குண்டுமல்லிப் பதியன்கள். அத்தை கடைசியாக இருந்த மடம் ராமநாதபுரம் பக்கம். அந்த வறண்ட மணல்காட்டில் மல்லி வளர்த்துக் கோயிலுக்குப் பூக்கொடுத்தது அவர்தானாம். வேர்விட்ட குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி, பஸ் மாறும்போதெல்லாம் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தார். வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தைக் காட்டினார்.

"அந்த மேட்டை நா எடுத்துக்கிறவான்னு அப்பாகிட்டக் கேளு."

அது கல்லும் செம்மண்ணுமாய், சீமைக்கருவேல் முள் மண்டிக் கிடந்த இடம். தென்னைமட்டையும் உடைந்த ஓடும் கொட்டிவைப்போம். நான் ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்கன என்ன வரும்? கல்லுதான் வரும்."

ஓடிவந்து, "கல்லுதான் வருமாம்" என்றேன்.

"கல்லு வந்தா பொறுக்கிப் போட்டுக்கிறேன்னு சொல்லு."

மறுபடி ஓடினேன். அப்பா பேனாவை மூடினார்; திறந்தார். "சரி" என்றார். பக்கத்து அறையிலிருந்த அத்தைக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் போய், "சரியாம்" என்று சொல்லும்வரை அவர் காத்திருந்தார்.

முள்ளை வெட்டிக் கல்லைப் பொறுக்க அத்தைக்கு விடுமுறை முழுவதும் ஆயிற்று. பிறகு கடப்பாரையால் குழிகள் தோண்டி, அப்படியே திறந்துபோட்டார். குழிக்கு வெயில் காயவேண்டுமாம். பிறகு மக்கிய சாணமும் செம்மண்ணும் போட்டார். பள்ளிக்கூடம் திறந்து, மேகமலைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்த ஒரு நாளில், குச்சிகளை நட்டார். அதுவரை அவை எங்கள் குளியலறை ஓரம் நிழலில், பழைய அண்டா ஒன்றில் உயிர் பிடித்துக்கொண்டிருந்தன. நட்டபின் தினமும் ஊற்றினார், அளந்து அளந்து. நான் ஒரு குடத்தைத் தாராளமாகச் சாய்க்கப்போனால் தடுத்துவிடுவார். "தண்ணி நின்னா வேரு அழுகிரும். இதுக்கு வெயிலுதான் வேணும்." தண்ணீரைவிட வெயிலை விரும்பும் செடி என்பது என் அறிவியல் புத்தகத்தில் இல்லை. நான் நம்பவுமில்லை.

இதற்கிடையில் வெளியுலகத்துக்குச் சொல்ல ஒரு பதில் தேவைப்பட்டது. அம்மா மளிகைக்கடையில் "ஒடம்பு சரியில்ல, லீவுல வந்துருக்காக" என்று சொல்லியிருந்தாள். கோயில் வாசலில் கேட்டவர்களுக்கு, "வீட்டுலருந்தே ஜெபம் பண்ண அனுமதி வாங்கியிருக்காக" என்றாள். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டார்.

"உங்க அத்தை இங்கன என்னத்தா செய்யுறாக?"

நான் இரண்டு பதில்களையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கே சரியாகப் படவில்லை. "மல்லிப்பூ விவசாயம் படிக்கிறாக டீச்சர். மடத்துலருந்து அனுப்பியிருக்காக" என்றேன்.

அது நான் வீடு சேர்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா என் தொடையில் நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினாள். அடுத்த வாரம் உத்தமபாளையத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டபோது, அம்மா ஒரு கணம் தடுமாறிவிட்டு, "பூ விவசாயம் பத்திப் படிக்கிறாக" என்று சொல்வதைக் கேட்டேன். கிள்ளிய இடம் அப்போதும் கன்றியிருந்தது.

அத்தை விடிந்தும் விடியாமலும் காலைப் பூசைக்குப் போய்விடுவார். மலைக்கு ஏலக்காய் பறிக்கப்போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும் நேரம் அது. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கூட்டம் கலையுமுன் வந்துவிடுவார். அப்பா அவரோடு போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட அடுத்த பூசைக்குத்தான் போவார்.

செடிகள் என் இடுப்புயரம் வந்தன. முதல் வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்தன. அம்மா அதைக் கட்டி எனக்கும் வைத்து, தானும் வைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் நான் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அந்த மேடு பச்சைப்பசேல் என்று நின்றது. பூச்சி விழுந்தால் அடிக்கவேண்டும் என்று கம்பத்து உரக்கடையிலிருந்து அத்தை ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்து, பின்பக்கத் தகரக் கொட்டகையில் உயரத்தில் வைத்தார். நான் தொடக்கூடாது என்று சொன்னார். "ஏன், கசக்குமா?" என்று கேட்டேன். "ரொம்ப" என்றார்.

அந்த ஐப்பசி மழையில் பக்கத்துத் தெருவில் ஒரு சம்பவம் நடந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த ஒரு அக்காவை, மழையோடு மழையாக ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில், "மருந்தைக் குடிச்சுட்டாளாம்" என்றாள். அந்த அக்கா திரும்பி வரவில்லை. நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். மருந்து குடித்தும் குணமாகவில்லை என்றால் அந்த அக்காவுக்கு உடம்பு எவ்வளவு மோசமாக இருந்திருக்கும்! தெருவே மருந்தின்மேல் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறது என்றும் புரியவில்லை.

மழை ஓய்ந்தது. அத்தை செடிகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார். மண் வெடித்து, இலைகள் தொங்கத் தொடங்கின. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், "ஊத்தவா?" என்று கேட்டேன். அத்தை செடிகளைப் பார்த்துக்கொண்டே, "போதும்" என்றார். மாலை அப்பா வழக்கம்போல், "என்ன, தோட்டத்துல வேலையெல்லாம் முடிஞ்சாச்சா?" என்று கேட்டார். நான் கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தேன்.

"அத்தை போதும்னு சொல்லிட்டாக."

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன போதும்?"

"தெரியலப்பா. போதும்னாக."

நடுவில் விடுபட்டுப்போன குடத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அப்பா கேட்கவுமில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேட்டில் செடிகளே இல்லை. குச்சிகள்தான் இருந்தன. அத்தை கொப்புகளைக் கயிற்றால் சேர்த்துச் சேர்த்துக் கட்டி, முழங்கால் உயரத்தில் ஒரே சீராக வெட்டித் தள்ளியிருந்தார். மிச்சமிருந்த இலைகளையும் ஒன்று விடாமல் உருவிப் போட்டிருந்தார். அம்மா பின்வாசலில் நின்று, "ஐயோ, இப்படி மொட்டையடிச்சு வச்சுட்டாளே" என்றாள். அத்தை வெட்டிய கொப்புகளை அள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தவர் இதைச் செய்வாரா? அப்படியானால் அத்தை ஊரைவிட்டுப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம், ஒரு கணக்கு விடை வராமல் போனால் இருக்கும் முகம்போல் இல்லை. வேறு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் மாறியது. அப்பா கொட்டகைக்குள் போய் அந்த மருந்துப் பாட்டிலை எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். கட்டப் பயன்பட்ட கயிற்றுச் சுருளும் காணாமல் போனது. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர், திடீரென்று மதியத்தில் பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். என்னிடம், இனிமேல் அத்தையின் அறையில்தான் படுக்கவேண்டும் என்றார். பள்ளிக்கூடம் விட்டால் நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அத்தை எங்கே இருக்கிறாரோ அங்கே இருக்கவேண்டும்.

"நா என்னப்பா தப்பு செஞ்சேன்?"

"தப்பெல்லாம் இல்லத்தா. சும்மா பேசிக்கிட்டிரு. அங்கன என்ன நடக்குதுன்னு பாத்துக்கோ."

தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அத்தை அரிசி புடைத்தார். ஜெபமாலை சொன்னார். மாலையில் அப்பா கேட்பார். "துணி மடிச்சாக" என்பேன். "அப்புறம்?" "அப்புறம் சிரிச்சாக." அப்பா நிமிர்வார். "சிரிப்பா? எதுக்குச் சிரிப்பு?" "நா தூங்கிவிழுந்தேன், அதுக்கு." அப்பா அதையும் மனதுக்குள் குறித்துக்கொள்கிறவர்போலத் தலையாட்டுவார்.

ஒரு நாள் காலை, அத்தை பூசைக்குப் போனபிறகு எனக்கு விழிப்பு வந்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போட இஸ்திரி போட்ட சட்டையோடு, குடத்தால் அந்தக் குச்சிகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு செடிக்கும் பக்கத்துச் செடிக்கும் நடுவில், வெறும் மண்ணிலும் ஊற்றினார். அவருக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை. அவர் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததையே நான் அன்றுதான் பார்த்தேன்.

பூசையிலிருந்து திரும்பிய அத்தை ஈரமண்ணைப் பார்த்துக் கோபப்பட்டார். "யாரு தண்ணி விட்டது? வெட்டுன கையோட தண்ணி விட்டா எலையாத்தான தழையும்?" என்று பொதுவாகக் கத்தினார். அம்மா தனக்குத் தெரியாது என்றாள். அது உண்மை. நான் பேசாமல் இருந்தேன். அப்பா கேட்கச் சொன்னதைக் கேட்பதும் சொல்லச் சொன்னதைச் சொல்வதும்தான் என் வேலை. இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து சாமியாருக்குக் காய்ச்சல் என்று பூசை நடக்கவில்லை. போன வேகத்தில் அத்தை திரும்பிவிட்டார். நான் ஜன்னலில் இருந்தேன். இந்தப் பக்கம் அப்பா குடத்தோடு குனிந்து நிற்கிறார். அந்தப் பக்கம் வேலியோரத்தில் அத்தை வந்து நிற்கிறார். இப்போது சண்டை வரும் என்று நினைத்தேன். அத்தை அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பி நடந்தார். அப்பா குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு உள்ளே வந்து, சட்டையைத் துடைத்து, டீயும் குடித்து முடித்தபிறகுதான் அத்தை வாசல் வழியாக வந்தார். ஈரமண்ணைப் பற்றி அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண் நனைந்தால் செடி கெட்டுப்போகும் என்று கத்தியவர்தானே இவர்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகள் இருக்கும் அட்டைப்பெட்டியை மர பீரோவின் தலையிலிருந்து எடுத்தபோது, அதற்குப் பின்னால் செய்தித்தாள் சுற்றிய பாட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டேன். அம்மா எடுக்கப்போனதை அப்பா தடுத்து, தானே ஸ்டூல் போட்டு ஏறியது அதனால்தான். அன்றிலிருந்து எனக்கு அப்பாமேல் மனத்தாங்கல். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாதான் ஊரெல்லாம் சொன்னாளே. நோயாளியின் மருந்தை ஒளித்துவைத்தால் அவருக்கு எப்படிக் குணமாகும்? பேசாமல் இருப்பதாவது பரவாயில்லை. இது அநியாயம்.

மாசியில் குச்சிகள் தழைத்தன. இலை கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. பூ சற்றுத் தாமதித்தது. ஆனால் வந்தபோது கொப்புக்குக் கொப்பு மொட்டாக வந்தது. சரியாக அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கிவிட்டது. அந்த நாற்பது நாளும் எங்கள் தெருவில் யாரும் தலையில் பூ வைக்கமாட்டார்கள், கோயில் பீடத்திலும் பூ இருக்காது. ஊரே பூ இல்லாமல் இருக்க, எங்கள் மேடு மட்டும் வெள்ளையாக மணத்துக்கொண்டிருந்தது. அம்மாவும் அத்தையும் விடியுமுன் சேர்ந்து பறித்துக் கம்பத்துப் பூக்கடைக்கு அனுப்பினார்கள். பறிக்கும்போது அம்மா ஏதோ சொல்ல, அத்தை சிரிக்கும் சத்தம் கேட்கும். அம்மா இப்போதெல்லாம் "சாப்பிட்டாளா" என்று மட்டும்தான் கேட்டாள். அதில் கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை. அப்பா மட்டும் "ஆச்சா"வில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. அத்தை செடிகளுக்கு நடுவில் குனிந்து, மொட்டுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக இருக்கவேண்டிய மொட்டுகள் பல ஊதா நிறத்தில் இருந்தன. அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "போச்சு" என்றார். பிறகு கொட்டகைக்குள் போய்த் தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டினார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"இங்கன ஒரு மருந்து வச்சிருந்தேனே, பாத்தியாத்தா?"

நெற்றியைப் பிடித்துக்கொண்டு மருந்து கேட்கிறார். எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. ஓடினேன். அப்பா முன்பக்கத்தில் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்தி ஏறி, பெட்டிக்குப் பின்னால் கையைவிட்டு பாட்டிலை எடுத்தேன். அத்தை அதை வாங்கி, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து, "இது எப்படி உள்ள போச்சு?" என்றார். மூடியைத் திருகித் திறந்தார். மேட்டின் நடுவில், வெயிலில், பாட்டிலை முகத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

பின்வாசலில் ஒரு சத்தம் கேட்டது. அது அப்பாவின் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

"ஏத்தா! வேணாத்தா! கீழ போடுத்தா!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்பா வெறுங்காலில் ஓடிவந்தார். நாங்கள் பொறுக்கி ஓரத்தில் குவித்திருந்த கற்களின்மேல் ஏறி, செடிகளை மிதித்துக்கொண்டு வந்தார். அத்தையின் கையிலிருந்த பாட்டிலைத் தட்டிவிட்டார். அது உருண்டு, மருந்து மண்ணில் கொட்டியது. அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வேணாத்தா... நா பேசாமயே இருந்துட்டேன்... என் தப்புத்தா... வேணாத்தா..."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கீழே கிடந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு புரிந்தது. அவர் முகம் மாறியது எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது.

"அண்ணே" என்றார். "புழுவுக்குண்ணே. மொட்டுல புழு விழுந்துருச்சு."

"புழுவா?"

அத்தை ஒரு ஊதா மொட்டைக் கிள்ளி, நகத்தால் பிளந்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அதற்குள் பச்சையாக ஒரு சிறு புழு நெளிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே கற்குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன எதுக்கு எல்லாத்தையும் வெட்டுன? தண்ணிய நிறுத்துன? போதும்னு சொல்லிவிட்ட?"

"வெட்டுனாத்தாண்ணே பூக்கும். வெட்டுறதுக்கு முன்ன காயப்போடணும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலியேண்ணே."

அப்பாவின் தோள் குலுங்கியது. எங்கள் வீட்டில் சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிறவர் அவர், வாய்விட்டு அழுதார். அத்தையும் அண்ணனுக்குப் பக்கத்தில், கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"நீங்க தண்ணி ஊத்துனதைப் பாத்தேண்ணே. நா நல்லாத்தாண்ணே இருக்கேன்" என்றார். சொல்லும்போதே அவர் கண்ணிலும் வழிந்தது.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்து பின்வாசலில் நின்றாள். கொட்டிக்கிடந்த மருந்தையும், உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாள். நான் பயந்துபோய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா எதுக்கும்மா அழுகுறாக?"

அம்மா முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்து கண்ணுல பட்டுருச்சு."

"அத்தைக்கும் பட்டுருச்சா?"

"ஆமா. அவளுக்கும்."

சாதாரணப் புழுமருந்துக்கு இவ்வளவு எரிச்சல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தொடக்கூடாது என்று அத்தை சொன்னதற்கு இதுதான் காரணம் போலிருக்கிறது. அதன்பிறகு வெகு காலம், அவர்கள் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் நாட்களில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பின்வாசலைக் கடப்பேன். அன்று ஓடிப்போய், பெரிய செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன்.

"கண்ணைக் கழுவுங்க. தேய்க்கக் கூடாது" என்றேன்.

இரண்டு பெரியவர்களும் மறுபேச்சு இல்லாமல், ஒருவர் பின் ஒருவராக, நான் சொன்னபடியே கண்ணைக் கழுவிக்கொண்டார்கள். அப்பாவின் கன்னத்தில் காய்ந்திருந்த சோப்பும் கரைந்து வழிந்தது. நான் குனிந்து, அவர் இமையை விரலால் தூக்கி, டாக்டர்கள் பார்ப்பதுபோல் பார்த்தேன். இன்னும் சிவந்துதான் இருந்தது.

"எரிச்சல் கொறஞ்சிருக்காப்பா?"

"கொறஞ்சிருச்சுத்தா" என்றார் அப்பா.